கைக்குட்டைக்குள் ஒரு காபிக் கிண்ணம்

நாற்காலியில் உட்கார்ந்து, இறந்தவருக்காக ஃபாத்திஹா ஓதி, இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டதும் நஹார் தன் கோட்டின் உள்பையில் கையை விடுகிறார். கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று வெளியே வருகிறது. அதை மடியில் வைத்து முனைகளை ஒவ்வொன்றாக விலக்குகிறார். நகைக்கடைக்காரர்கூட இவ்வளவு பதமாகப் பிரிக்க மாட்டார். உள்ளே இருப்பது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம். துக்கக் கூடங்களில் காபி ஊற்றித் தருவார்களே, குடித்ததும் கசக்கிக் கறுப்புப் பையில் வீசுவோமே, அதேதான். இரண்டு மடக்குக்கு மேல் கொள்ளாது. விளிம்பு மஞ்சளாகிவிட்டது. அடியில் காபிக் கறை வளையம் வளையமாகப் படிந்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு விரிசல்; அதன்மேல் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை நாடா.

மூக்கு நீண்ட காபிக் கெண்டியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வரும் ஃபய்யாத், அவர் முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறான். ஊரில் எந்தத் துக்கமானாலும் காபி ஊற்றுகிறவன் அவன்தான்.

"புதுசு தர்றேனே, அபூ ரபாப்."

"இது ஒழுகுதா?"

ஃபய்யாத் குனிந்து பார்க்கிறான். ஒழுகவில்லை. ஊற்றுகிறான். நஹார் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். ஆட்டாவிட்டால் ஃபய்யாத் மறுபடி ஊற்றுவான். பிறகு கைக்குட்டையின் ஒரு மூலையால் விளிம்பைத் துடைத்து, பழையபடி முடிந்து, உள்பையில் வைத்துக்கொள்கிறார்.

அம்மானுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஸல்த் நகராட்சியில் பிறப்பும் இறப்பும் பதிந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பழக்கத்தில் எந்தத் துக்கத்துக்கும் போகாமலிருக்க முடிவதில்லை. ஆகவே இந்தக் காட்சியைப் பல முறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக்கைக் கண்டால் ஆகாது என்று ஊரே கேலி செய்யும் மனிதர் எதற்காக ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை நெஞ்சோடு வைத்துக் காக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். இதில் நான் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நஹார் இறைச்சிக் கடைக்காரர். அந்தத் தொழிலுக்குச் சற்று மெலிந்த உடம்பு. நகங்களை வெள்ளை வெளேரென்று தேய்த்து வைத்திருப்பார். கத்தியை ஒருபோதும் படுக்க வைக்க மாட்டார், கொக்கியில்தான் தொங்கும். பேசும்போது ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வார், எதிரில் நிற்பவரை எடை போடுவதுபோல இருக்கும். மூன்றும் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை இல்லாதவரை, பிறக்காத மகனுக்கு ஒரு பெயர் வைத்து, அவனுக்குத் தகப்பன் என்று மரியாதையாக அழைப்பது இங்கே உண்டு. இவர் அதற்கு இசையவில்லை. "இருக்கிறவ பேர விட்டுட்டு இல்லாதவன் பேர எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார். மூத்தவள் பெயர் ரபாப். அன்றிலிருந்து அவர் அபூ ரபாப், ரபாபின் தகப்பன்.

சில வருடங்களுக்கு முன்பு அவருடைய மாமனார் இறந்தார். துக்கத்துக்கு வருபவர்களுக்காகப் பிளாஸ்டிக் கிண்ணங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தவர் இவரேதான். கழுவ ஆள் வேண்டாம், நோய் ஒட்டாது என்று அப்போது எல்லாரும் அதற்கு மாறியிருந்தார்கள். கூடம் சரிவின் உச்சியில் இருக்கிறது. கறுப்புப் பைகளைப் பூனைகள் கிழிக்கும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். கீழே ஓடைக்கரையில் மந்தை மேயும்.

அடுத்த மாதம் மேய்ப்பவர் ஒருவர், வயிறு உப்பித் தின்னாமல் நின்ற ஆடு ஒன்றைக் கொண்டுவந்து, சாவதற்குள் அறுத்துக் கொடுக்கச் சொன்னார். நஹார் இரைப்பையைக் கீறினார். உள்ளே பைகளும் கயிறும் முறுக்கிக்கொண்டு கல்லாக இறுகியிருந்தன. அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் கிண்ண விளிம்புகள். "பார்த்ததும் தெரிஞ்சுது. நான் வாங்கினதுதான். விளிம்புல ஒரு பச்சைக் கோடு போட்டது, நம்ம ஊர்ல வேற யாரும் வாங்கல" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது கண்ணைச் சுருக்கவில்லை.

அந்த உருண்டையைக் கழுவிக் காயவைத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். வந்தவர்கள் அதைத் தேய்க்கும் நார் என்று நினைத்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கறி வாங்காமல் போனார்கள். அவர் மனைவி கடைக்கு வந்து, "இத இங்க வெச்சா நாம சோறு தின்ன மாட்டோம், அபூ ரபாப். தின்னா அந்த ஆடு மாதிரிதான் தின்னணும்" என்று சொல்லி எடுத்துப் போய்விட்டாள். இது நான் கண்டது. அப்போது அரைக் கிலோ தொடைக்கறிக்காக நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு புது நடைமுறை வந்தது. பாத்திரம் கொண்டுவந்தவர்களுக்கு முதலில் வெட்டுவார். வெறுங்கையோடு வந்தவர்களுக்குக் காகிதத்தில் சுற்றித் தருவார், ஆனால் கடைசியில். ஒருவரையும் கடிந்துகொள்வதில்லை. பலகை எழுதி மாட்டவில்லை. ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரின் மனைவி, தெரு பெருக்கும் பெண்ணுக்குப் பின்னால் நிற்க நேர்ந்து, "நான் முன்னாலயே வந்தேனே" என்றாள். "நீங்க வந்தீங்கம்மா. உங்க சட்டி இன்னும் வரலையே" என்றார் நஹார். அடுத்த வாரம் அந்த அம்மாள் மூடி போட்ட எனாமல் பாத்திரத்தோடு வந்தாள். மூடியை எல்லாரும் பார்க்கும்படி பிடித்திருந்தாள்.

துக்கக் கூடங்களுக்கு அவர் தன் வீட்டுப் பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கொண்டுபோக ஆரம்பித்ததும் அப்போதுதான். ஆறு கிண்ணம் உள்ள செட்டில் ஒன்றைப் பிரித்து எடுத்ததற்கு மனைவி இன்னும் அவரை மன்னிக்கவில்லை. கூடத்தில் கிண்டலுக்குக் குறைவில்லை.

"தலையணையும் கொண்டாந்திருக்கலாமே, அபூ ரபாப்?"

"நாங்க குடிக்கிற கிண்ணத்துல விஷமா இருக்கு?"

"உங்க பழைய வண்டி விடுற புகையில பாதி ஸல்த் கறுத்துப் போச்சு. கிண்ணத்தக் கட்டிக்கிட்டு அழறீங்க."

கடைசியாகச் சொன்னது நியாயம்தான். அவருடைய சரக்கு வண்டி மேடேறும்போது பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியாது. அதற்கு அவர் சொன்ன பதில் இது: "உண்மைதான். ஒரு நேரத்துல ஒரு வெக்கம்தான் என்னால தாங்க முடியுது. அதுக்கும் வருவேன், இருங்க."

அம்மானிலிருந்து வந்த ஒரு சங்கத்தார் அவரை மேடையேற்றிச் சுற்றுச்சூழல் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒலிபெருக்கியைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆட்டுக்கால் விலை ஏறியதைப் பற்றி ஏதோ சொன்னார். "எல்லாரும் கடைக்கு வாங்க" என்று முடித்துவிட்டு இறங்கினார். மறுநாள் பல பேர் போனார்கள், வெறுங்கையோடு. வரிசையில் கடைசியில் நின்றார்கள்.

இனி அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு வருகிறேன்.

ரபாப் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஊரின் பெரிய குடும்பத்துத் தலைவர் ஷேக் பர்ஜஸ் வீட்டுப் பையன் ஹைதமுக்கும் அவளுக்கும் பேசி முடித்து, ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாக வந்து முறைப்படி பெண் கேட்பதற்கு நாளும் குறித்தாயிற்று. அந்த வாரத்தில் ஷேக் பர்ஜஸின் அண்ணன் இறந்துபோனார். நஹார் துக்கத்துக்கு வந்தார். சம்பந்தி வீட்டுத் துக்கம் என்று கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டார். பீங்கான் கிண்ணம் பழுப்புக் கோட்டில், கடை ஆணியில், தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். பையில் கையை விட்டவர் அப்படியே உறைந்ததைப் பார்த்தேன். அதற்குள் ஃபய்யாத் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டிவிட்டான். சாவு வீட்டில், அதுவும் சம்பந்தி வீட்டில், நீட்டிய காபியை மறுக்க முடியாது. வாங்கிக்கொண்டார். குடிக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, ஓசைப்படாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தில், காபியோடு கிண்ணத்தைக் குனிந்து காலடியில் வைத்தார்.

அவர் செய்த பிழை அதுதான். வாங்கிய காபியைக் குடிக்காமல் ஒருவர் கீழே வைத்தால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம். வந்தவருக்கு அந்த வீட்டாரிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அது தீரும்வரை குடிக்க மாட்டார். பெண் கேட்பவர் அப்படி வைப்பார். கொலைப்பழிக்குச் சமாதானம் கேட்பவர் வைப்பார். துக்கத்தின் நடுவில் யாரும் வைப்பதில்லை, இறந்தவர்மேல் தீராத குறை இருந்தாலொழிய.

பேச்சு எங்கள் வரிசையில் முதலில் நின்றது. பிறகு எதிர் வரிசையில். கடைசியில் வாசலில் நின்றவர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஹைதமின் முகம் வெளுத்தது. ஷேக் பர்ஜஸ் எழுந்து நின்றார். அவருக்கு எண்பது வயதிருக்கும். அன்று காலையில்தான் அண்ணனைக் குழியில் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

"அபூ ரபாப், காபியக் குடிங்க. உங்க காரியம் எதுவா இருந்தாலும் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க."

கேட்கப்போவது என்னவென்று தெரியாமலே கொடுத்த வாக்கு. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. இனி இந்தக் கூடத்தில் பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம் என்று நஹார் அந்தக் கணம் சொல்லியிருந்தால் ஷேக் பர்ஜஸால் மறுத்திருக்க முடியாது. ஸல்த்தின் பெரிய கூடம் அது. மற்றக் கூடங்களும் பின்னால் வந்திருக்கும். நஹாருக்கும் இது தோன்றியதா என்று பிறகு கேட்டேன். "தோணுச்சு. செத்த வீட்டுல வெச்சு ஒருத்தர் கழுத்தப் பிடிச்சு வாங்குறதா? அப்படி வாங்கினா நாற்பது நாள்ல பழைய கத திரும்பிடும்" என்றார்.

அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒண்ணும் வேண்டாம், ஷேக். கை மறந்து வெச்சுட்டேன். அல்லா உங்க அண்ணனுக்கு அருள் செய்யட்டும்." குனிந்து எடுத்து, ஒரே மடக்கில் குடித்து, கிண்ணத்தை ஆட்டினார். கூடம் மூச்சு விட்டது. ஃபய்யாத் கறுப்புப் பையை நீட்டினான். நஹார் கிண்ணத்தை அதில் போடவில்லை. கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டு, கைகொடுத்துவிட்டு வெளியே போனார்.

குடித்தது சரி. கிண்ணத்தை ஏன் எடுத்துப் போனார்? மறுநாள் சந்தைத் தெருவில் இதுதான் பேச்சு. மரியாதைக்காகக் குடித்தாரே தவிரக் குறையை விடவில்லை, அதற்கு அடையாளமாகத்தான் கிண்ணத்தை வைத்திருக்கிறார் என்றது ஒரு கட்சி. பழைய நிலத் தகராறு என்றது இன்னொரு கட்சி. அப்படி ஒரு தகராறு எனக்குத் தெரிந்து இல்லை. ஷேக் வீட்டுப் பெண்கள் மருந்துக் கடைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பெண் கேட்கக் குறித்த நாள் துக்கத்துக்காக நாற்பது நாள் தள்ளிப்போனது. அதற்குப் பிறகும் வருவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து வருவது நான் கேட்டது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். சமையலறையில் இருந்த என் மனைவியின் காதில் விழுந்தது.

"யப்பா, ஒரு காபிக் கிண்ணத்துக்காக என் வாழ்க்கையப் பந்தயம் வெப்பீங்களா?"

"குடிச்சுட்டேனேம்மா."

"குடிச்சீங்க. அப்புறம் ஏன் பையில போட்டுக்கிட்டு வந்தீங்க?"

"அங்க போட்டா ஆடு தின்னும்."

"கூடத்துல ஆயிரம் கிண்ணம் கிடக்கு. இந்த ஒண்ணு போகலைன்னா ஆடு பொழச்சிடுமா?"

"என் கைக்கு வந்தது இந்த ஒண்ணுதானே, ரபாப்."

கதவு அறையப்படும் ஓசை கேட்டதாம். ரபாப் ஒரு வாரம் தகப்பனோடு பேசவில்லை.

ஷேக் வீட்டுக்குப் போய் விளக்கிவிட்டு வாருங்கள் என்று நானே சொன்னேன். "அவர் அண்ணனுக்கு அழுதுக்கிட்டு இருக்கார். நான் போய் பிளாஸ்டிக்கப் பத்திப் பேசவா?" என்று கேட்டார்.

பீங்கான் கிண்ணம் மனைவியின் செட்டுக்குத் திரும்பியது. நஹார் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தையே கழுவிக் கழுவிப் பயன்படுத்த ஆரம்பித்தார். தூக்கி எறியவும் முடியாது, சும்மா வைத்திருக்கவும் மனமில்லை. குடித்தே தீர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார்போலும். துக்கக் கூடங்களில் அதை எடுத்தபோது, பீங்கானுக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தங்கள் கையில் இருப்பதையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்கள். சிலர் முதல் நாள் தந்த கிண்ணத்தையே கவிழ்த்து நாற்காலிக்கு அடியில் வைத்து துக்கத்தின் மூன்று நாளும் அதிலேயே குடித்ததை நான் கண்டேன். அதிகம் பேர் இல்லை. ஆனால் ஃபய்யாத் என்னிடம், "இந்த மாசம் ஒரு பெட்டி மிச்சமாயிடுச்சு, பெரியப்பா. எனக்கே கணக்குப் புரியல" என்று சொன்னான்.

ஒரு நாள் கிண்ணம் விரிசல் விட்டது. நஹார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ரபாப் அவர் கையிலிருந்து பிடுங்கி, தன் பையிலிருந்த நாடாவைக் கத்தரித்து, வெளிப்பக்கம் நேராக ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். இதைச் சொன்னது அவர் மனைவி.

துக்க நாட்கள் முடிந்தன. ஷேக் வீட்டிலிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது: வெள்ளிக்கிழமை வருகிறோம். எதற்கு வருகிறோம் என்று அதில் இல்லை.

பெண் கேட்கவா, இல்லை வேண்டாம் என்று சொல்லவா என்று தெரியாமலே நஹார் வீட்டார் தயாரானார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு பீங்கான் கிண்ணங்களை இரவல் வாங்கினார்கள். தங்க விளிம்பு, நீலப் பூ, ஹஜ்ஜிலிருந்து வந்தது, கைப்பிடி உடைந்த தேநீர்க் கோப்பை என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கூட்டம். கலந்துவிடாமலிருக்கப் பெண்கள் அடியில் நகச்சாயத்தால் பொட்டு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுடையது ஊதா.

சென்ற வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் வந்தார்கள். அங்கிகளைச் சரிசெய்துகொண்டு நாற்பது ஐம்பது பேர் நஹாரின் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஃபய்யாத் முதல் காபியை ஷேக் பர்ஜஸுக்கு ஊற்றினான். அவருக்குப் போனது எங்கள் வீட்டு ஊதாப் பொட்டு. அவர் அதைக் குடிக்காமல் முன்னாலிருந்த மேசையில் வைத்தார். அது எதிர்பார்த்ததுதான்.

"எங்க ஹைதமுக்கு உங்க ரபாபக் கேட்டு வந்திருக்கோம்."

பெண்ணின் தகப்பன் வாய் திறக்கக் கூடாது என்பது முறை. நஹாரின் பெரியப்பா மகன் எழுந்து, "காபியக் குடிங்க ஷேக், பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு" என்றார். உள்ளே பெண்கள் குலவையிடத் தயாராக இருந்தார்கள்.

ஷேக் பர்ஜஸ் கிண்ணத்தைத் தொடவில்லை.

"பொறுங்க. எனக்கு இன்னொண்ணு தெரியணும். எங்க அண்ணன் துக்கத்துல ஒரு கிண்ணம் எங்க கூடத்த விட்டுப் போச்சு. அத வெச்சு ஊரு ஒவ்வொண்ணா சொல்லுது. அபூ ரபாப், என் அண்ணன் மேல உங்களுக்குக் குறை இருந்தா இங்கயே சொல்லுங்க. செத்தவன் மேல ஒரு குறைய வெச்சுக்கிட்டு நான் சம்பந்தம் பண்ண மாட்டேன்."

முறையை மீறி நஹார்தான் எழுந்தார். உள்பையில் கையை விட்டார். கைக்குட்டையைப் பிரித்தார். கிண்ணத்தை ஷேக்கின் கையில் வைத்தார்.

ஷேக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் விளிம்பைப் பார்த்தார். நாடாவை விரலால் தடவினார்.

"இது எங்க கிண்ணமா?"

"உங்களதுதான்."

"இத வெச்சு இத்தன நாளா என்ன பண்ணீங்க?"

"காபி குடிச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், ஷேக். கீழ போட்டா ஆடு தின்னுடும். அதான்."

முதலில் சிரித்தது ஃபய்யாத். கெண்டியைப் பிடித்திருந்த கை குலுங்கி, தரையில் கொஞ்சம் சிந்தியது. "ஆமா ஷேக், நானே ஊத்தியிருக்கேன், ஒழுகவே இல்ல" என்றான். பிறகு ஹைதம் சிரித்தான். ஷேக் பர்ஜஸின் தாடி அசைந்தது. சிரிப்பா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் ஊதாப் பொட்டுக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, நாடா ஒட்டிய கிண்ணத்தை ஃபய்யாத்தின் பக்கம் நீட்டினார்.

"இதுல ஊத்து."

ஃபய்யாத் ஊற்றினான். ஷேக் பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார். உள்ளேயிருந்து குலவைச் சத்தம் கிளம்பித் தெருமுனைவரை போனது. யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். அந்த ஆரவாரத்தில் ஷேக் கிண்ணத்தை ஆட்டினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லத் திரும்பியபோது, துக்கக் கூடத்துப் பழக்கத்தில், அவர் விரல்கள் தாமாகவே கிண்ணத்தைக் கசக்க மடங்கின.

அவர் கைக்கு நேர் கீழே நஹாரின் உள்ளங்கை ஏற்கெனவே விரிந்து நின்றது.